ஜப்பான் போனும் ஒரு கர்ச்சீப்பும்

2006 கோடை. மரக்காணம் உப்பளத்தில் நானும் என் மனைவி செல்வியும் உப்பு வாரிக்கொண்டிருந்தோம். ஜப்பானிலிருந்து லீவில் வந்திருந்த சின்ன முதலாளி, வரப்பில் நின்று தன் செல்போனை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

"அங்க ரயிலுக்கு டிக்கெட்டே வேணாம். கேட்ல இருக்குற மெஷினை இந்த போனால தொட்டா போதும், கதவு தொறந்துக்கும். டீக்கு காசும் அப்படித்தான்."

ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி பேச்சு. இவர் வீட்டில் சனிக்கிழமைக் கூலியைக்கூட, எங்கள் காலனி ஆட்களின் கை பட்டுவிடாமல் மேலேயிருந்துதான் போடுவார்கள்.

லாரி புரோக்கர் வெற்றிலைக் கறை படிந்த விரலால் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்ன முதலாளி சிரித்துக்கொண்டே நின்றார். செல்வியும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, "எப்படிங்க தொறக்கும்?" என்று ஆசையாக அதன் மேல் ஒரு விரலை வைத்தாள்.

சின்ன முதலாளி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். கர்ச்சீப்பை எடுத்து அவள் விரல் பட்ட இடத்தை மட்டும் துடைத்தார்.

"உப்புக்கை பட்டா கெட்டுடும்மா" என்றார். பிறகு அந்தக் கர்ச்சீப்பையும் வாய்க்காலில் எறிந்தார்.

செல்வி கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஜப்பான் வரைக்கும் போய் வந்தவருக்குப் புத்தி மட்டும் இந்த வரப்பைத் தாண்டவில்லை.

இப்போது நான் பஸ் கண்டக்டர். ஊரோடு வந்துவிட்ட சின்ன முதலாளி, கார் ரிப்பேரானால் என் பஸ்ஸில்தான் ஏறுகிறார். மற்றவர்களுக்குச் சில்லறையை நீட்டுவதோடு சரி. அவருக்கு மட்டும் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, நன்றாக அழுத்திவிட்டுத்தான் அடுத்த சீட்டுக்குப் போவேன்.

துடைத்துக்கொள்ளட்டும்.