அக்காவுக்குக் கன்னடம் வராதாம்

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது ஐந்து, நாத்தனார் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறு பேர் காதிலும் ஒரு துரும்பை நுழைய விட்டதில்லை. குளித்தபின் துண்டின் நுனியால் காதுமடலைத் துடைத்துவிடுவேன், அவ்வளவுதான். மருமகள் பட்ஸ் டப்பா வாங்கி வந்தால் குப்பைக்குப் போகும். கிழவிக்குப் பிடிவாதம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நான் சிறுமியாக இருந்தபோது, கன்னடம் பேசும் ஊரில், மர்பி டவுனில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் தலைக்கு எண்ணெய், அப்புறம் காதுக்குக் கொண்டை ஊசி. பிள்ளைகள் காதில் குறும்பி இருந்தால் தன் வளர்ப்புக்கே கேவலம் என்று அம்மா நினைத்தாள். எனக்கு எட்டு வயதானபோது அக்காவின் காதுகளை என்னிடம் விட்டாள். "இவளுக்குத்தான் கை நிதானம்" என்று பக்கத்து வீட்டில் வேறு சொன்னாள். அந்தப் பெருமையில் வெள்ளிக்கிழமைவரை எனக்குப் பொறுக்காது. தினமும் குடைந்தேன்.

ஒருநாள் ஊசி ஆழமாகப் போய்விட்டது. அக்கா கத்தவில்லை, என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஊசி முனையில் ரத்தம்.

"அம்மாகிட்ட சொல்லாதக்கா."

"நீ அழுதாத்தான்டி தெரியும். கம்முனு இரு."

அந்தக் காதில் சீழ் வைத்தது. அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இரண்டு காதிலும் ஊற்றினாள். மழைக்காலம் முடிவதற்குள் மற்றக் காதிலும் சீழ்.

அதன்பிறகு யார் கூப்பிட்டாலும் அக்கா திரும்புவதில்லை. "எத்தன வாட்டி கூப்புடறது? மகாராணிக்குத் திமிரப் பாரு" என்று அம்மா முதுகில் ஒன்று வைப்பாள்.

பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் ஒரே அறை. டீச்சரம்மா கன்னடத்தில் கேள்வி கேட்பார், அக்கா விழிப்பாள். "கேளம்மா, கேளு!" என்று மேசையைத் தட்டுவார். கடைசியில் அப்பாவை வரவழைத்து, "நிம்ம மகளிகெ கன்னடா பரல்லா" என்றார். உங்கள் மகளுக்குக் கன்னடம் வராது என்று அர்த்தம்.

யாருக்கு வராது? குழாயடியில் கன்னடத்திலேயே சண்டை போட்டு எங்களுக்கு முதல் குடம் பிடித்துத் தருபவள் அவள். அதுவும் கேளு என்றால் இரண்டு பாஷையிலும் கேளுதானே. அதுகூடவா புரியாது?

அப்பா யோசிக்கவில்லை. "பாஷையே வராதவளுக்கு ஸ்கூல் எதுக்கு? சின்னவளும் தனியாப் போகவேணாம். ரெண்டும் வீட்லயே கெடக்கட்டும்." என் படிப்பும் அன்றோடு சரி.

வீட்டுக்கு நடக்கும்போது அக்காவைப் பிடித்து நிறுத்தினேன். "உனக்குத்தான் கன்னடம் வருமே! ஏன்கா வாயே தொறக்கல?"

அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வராதுன்னே இருக்கட்டும்டி."

எனக்குக் கோபம் வந்தது. திமிர்தான், அம்மா சொன்னது சரி என்று நினைத்தேன். அவள் என் வாயைப் பார்த்துத்தான் நான் பேசுவதைத் தெரிந்துகொண்டாள் என்பது எனக்குத் தெரியவில்லை. காது என்று பேச்சு எடுத்தால் அடுத்து யார் குடைந்தது என்று கேட்பார்கள் என்பதும் அன்று எனக்கு உறைக்கவில்லை.

கண்ணு, நான் சொல்லச் சொல்ல எழுதினாயே, ஒருமுறை படித்துக் காட்டு. குடைந்தது நான் என்றுதானே எழுதியிருக்கிறாய்?