குவைத்திலிருந்து வந்த ஆரஞ்சுக் குளிசை

அப்பாவின் கருமாதி முடிந்து நான் பாமசிக்குத் திரும்பிய முதல் நாள், செல்வம் அண்ணன் ஒரு போத்தலோடு வந்து நின்றார். குட்ஷெட் பஸ் நிலையத்தில் த்ரீவீல் ஓட்டுகிறவர். நான் எட்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவள், கவுண்டரில் மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பார்சலில் சவர்க்காரம், பால்மாவோடு விட்டமின் போத்தலும் அனுப்புவார்கள். அது என்னவென்று கேட்க வீட்டுக்காரர்கள் எங்களிடம்தான் வருவார்கள்.

இது அவர் மனைவி ராணி அக்கா குவைத்திலிருந்து அனுப்பியது. உள்ளே இருந்த ஆரஞ்சுக் குளிசை ஒன்றைக் கையில் கொட்டிக் காட்டினார். வெளிச்சத்தில் தேன் மாதிரி இருந்தது.

"ஆன்டிஆக்சிடன்ட்டாம் தங்கச்சி. இத போட்டுக்கிட்டா சிகரெட் நெஞ்ச ஒன்னும் பண்ணாதாமே?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்பா பீடி குடித்து நெஞ்சு வியாதியில்தான் போனார். இந்தப் போத்தல் முன்னமே கிடைத்திருந்தால் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

எங்கள் பாமசிஸ்ட் ரிஸ்னா கெலிஓயா ஊர்ப் பிள்ளை, என் வயதுதான். லேபலைப் படித்துவிட்டுப் போத்தலைத் திருகி மூடினாள்.

"சிகரெட் குடிக்கிற ஆளுக்கு இது சரிவராது அண்ணன்."

பீட்டா கரோட்டினாம். கரட்டில் இருக்கிற அதே சத்துதான், குளிசையில் மிக அதிகம். புகைக்கிறவர்களுக்கு அந்த அளவில் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுமாம். காப்பாற்றும் என்று நம்பிக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்களே திகைத்துப் போனார்களாம்.

கரட் சம்பலில் நல்லதாக இருப்பது, குளிசையாகிப் புகைக்கிறவர் நெஞ்சுக்குள் போனதும் வேறு முகம் காட்டுகிறது. உடம்புக்குள் இப்படியும் ஒரு உலகமா?

செல்வம் அண்ணன் போத்தலை விடவில்லை. மனைவி ஆசையாக அனுப்பியதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்றார். ரிஸ்னா அவருடைய போனிலேயே ராணி அக்காவை வீடியோவில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அக்கா முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டு வந்தார்.

"நான் அனுப்புனது ஒங்க நெஞ்சுக்கு, சிகரெட்டுக்கு இல்ல. போத்தல அந்த புள்ளகிட்ட குடுங்க. சட்டப் பையில இருக்கதையும் எடுத்து குடுங்க, பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"குவைத்துல இருந்துக்கிட்டே பைய தடவுறா பாருங்க," என்று அண்ணன் முனகினார். ஆனாலும் போத்தல், சிகரெட் பெட்டி இரண்டையும் கவுண்டரில் வைத்தார். "இன்னைக்குத்தான். நாளைக்கு நடக்கிறத கேக்காதீங்க."

அன்றிலிருந்து யார் இந்த மாதிரிக் குளிசை கேட்டாலும், யாருக்கு, அவர் புகைக்கிறவரா என்று முதலில் கேட்கிறேன். குளிசைக்கு ஆளைத் தெரியாது. நாம்தான் கேட்க வேண்டும். சிலர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும், உயிரோடு நின்றுதானே முறைக்கிறார்கள்.