மாப்பிள்ளை பார்த்த பென்குயின்

என் தங்கையின் கணவரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க எனக்கு ஆறு வருடம் பிடித்தது. வைத்தேன். அதற்கு நான் பயன்படுத்தியது ஒரு பென்குயினை. சரியாகச் சொன்னால், பென்குயின் அல்லாத ஒரு பறவையை.

நான் சிதம்பரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மின்விசிறி நின்றுபோன மே மாத வகுப்புகளில், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்க, பனியில் நிற்கும் பென்குயினின் கால் ஏன் உறைவதில்லை என்று பாடம் நடத்துவேன். சூடான ரத்தம் காலுக்கு இறங்கும் குழாயும் குளிர்ந்த ரத்தம் மேலே ஏறும் குழாயும் ஒன்றை ஒன்று ஒட்டியே ஓடும். இறங்குவது தன் சூட்டை ஏறுவதற்குக் கொடுத்துவிடும். அதனால் உடம்பின் சூடு பாதத்தின் வழியாக வீணாவதில்லை. கரும்பலகையில் சிவப்பும் நீலமுமாக அந்தக் குழாய்களை நான் வரையும்போது கடைசி பெஞ்சுகூடக் கவனிக்கும். பாடத்திட்டத்தில் அது இருந்த வருடமும் உண்டு, இல்லாத வருடமும் உண்டு. நான் விட்டதில்லை. ஆனால் ஒரு பென்குயினைக்கூட நேரில் பார்த்ததில்லை.

தங்கையின் கணவர் கடலூர் முதுநகர்க்காரர். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். வாலிபத்தில் ஏதோ குளிர்நாட்டுத் துறைமுகத்தில் பென்குயினைப் பார்த்ததாகச் சொல்வார். எந்த நாடு என்று யாரும் கேட்டதில்லை. கல்யாண வீட்டில், காதுகுத்தில், ரயிலில், எங்கே நாலு பேர் கூடினாலும் அந்தக் கதை வரும். கைகளை இடுப்போரம் விறைப்பாக வைத்துக்கொண்டு, பாதத்தை விரித்து, இப்படியும் அப்படியும் சாய்ந்து நடந்து காட்டுவார். தொந்தி வேறு. குழந்தைகள் புரண்டு புரண்டு சிரிக்கும்.

என் பணி நிறைவு விழாவில் பென்குயினைப் பற்றித்தான் பேசினேன். முப்பது பக்கம் எழுதி வைத்திருந்தேன். பேரரசப் பென்குயினில் பெட்டை முட்டையிட்டுவிட்டுக் கடலுக்கு இரை தேடப் போய்விடும். ஆண், அந்த ஒரு முட்டையைத் தன் பாதங்களின்மேல் ஏற்றி, வயிற்றுத் தோலின் மடிப்பால் மூடிக்கொண்டு, இருட்டிலும் பனிக்காற்றிலும் ஏறக்குறைய இரண்டு மாதம் ஒன்றும் தின்னாமல் நிற்கும். திரும்பி வரும் பெட்டை அத்தனை ஆயிரத்துக்கு நடுவில் தன் துணையைக் குரலை வைத்தே கண்டுபிடிக்கும். மனிதர்களுக்கு ஏன் இந்தப் பறவையைப் பிடிக்கிறது என்றும் விளக்கினேன். நிமிர்ந்து நிற்கிறது, நடக்கப் பழகும் ஒரு வயதுக் குழந்தை மாதிரி தள்ளாடுகிறது, விசேஷ வீட்டுக்குக் கிளம்பியவர் மாதிரி உடுத்தியிருக்கிறது; நாம் அதில் பறவையைப் பார்ப்பதில்லை, நம்மைத்தான் பார்க்கிறோம் என்றேன். நல்ல பேச்சு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் மணி ஒன்றரை ஆகியிருந்தது. பந்திக்கு இலை போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் கண்ணை மூடியிருந்தார்.

வாழ்த்துரைக்கு என் தங்கையின் கணவரைக் கூப்பிட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்துச் சொன்னது இவ்வளவுதான்.

"மச்சான் படிச்சவரு. நான் பாத்தவன்!"

பிறகு மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து காட்டினார். அரங்கம் அதிர்ந்தது. நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் விசில் அடித்தார்கள். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். சாப்பிடும்போது எல்லோரும் அவர் இலையைச் சுற்றித்தான் நின்றார்கள். என் முப்பது பக்கத்தை யாரோ வடைக்கு எண்ணெய் உறிஞ்ச எடுத்திருந்தார்கள்.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அது எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் என் கோபம் குறையவில்லை.

தங்கைக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் டயாலிசிஸ் ஆரம்பித்தபோது, பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி அவள் வீட்டு இரும்புப் பெட்டியைக் குடைந்தேன். அடியில் ஒரு படம் போட்ட அஞ்சலட்டை. அவர் கப்பலில் இருந்தபோது, பென்குயின் பார்த்ததாக அவளுக்கு எழுதியது. கடற்கரைப் பாறைகள், பின்னால் மலை. அட்டையில் அச்சாகியிருந்த நாட்டின் பெயரை இரண்டு முறை படித்தேன். நார்வே.

வட கோடி. பென்குயின்கள் வாழ்வது பூமியின் தென் பாதியில். பூமத்திய ரேகை ஓடும் தீவுக் கூட்டம் ஒன்றில் ஒரு வகை உண்டு. அதற்கு வடக்கே, உயிர்க்காட்சிசாலையைத் தவிர, எங்கும் கிடையாது. அவர் பார்த்தது வடகடல் பாறைகளில் கூட்டமாக நிற்கும் வேறொரு பறவை. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, அதே நிமிர்ந்த நிற்பு. ஆனால் அது பறக்கும்.

சில வகைப் பென்குயின்கள் கூழாங்கல்லால் கூடு கட்டும். பக்கத்துக் கூட்டுக்காரன் அந்தப் பக்கம் திரும்பும்போது அவன் கல்லைக் கொத்திக்கொண்டு வந்துவிடும். நான் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ரிப்போர்ட் கெடைச்சிடுச்சும்மா" என்று குரல் கொடுத்தேன்.

பிறகு இடத்துக்காகக் காத்திருந்தேன். வீட்டில் சொன்னால் நாலு பேரோடு போய்விடும். எனக்கு மேடை வேண்டும். என்னிடமிருந்து எடுத்தது மேடையில்தானே.

அது கடலூரில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் அமைந்தது. அவருடைய பேத்தி அங்கே படித்தாள். பிள்ளைகள் கேட்டார்கள் என்று 'கப்பல் தாத்தா'வையே சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். மரியாதைக்கு என்னையும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கதை சொன்னார், நடந்து காட்டினார், கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்து நான் எழுந்தேன்.

மிகவும் அமைதியாகப் பேசினேன். பென்குயின் எங்கே வாழும் என்று பிள்ளைகளைக் கேட்டேன். "அண்டார்டிகா!" என்று கத்தினார்கள். அது வடக்கா, தெற்கா? "தெற்கு!" பறக்குமா? "பறக்காது!" பிறகு பையிலிருந்து அட்டையை எடுத்து, கப்பல் தாத்தா பென்குயினைப் பார்த்த நாடு இதுதான் என்று பெயரை வாசித்தேன். உலக உருண்டையில் அது எங்கே இருக்கிறது என்று ஒரு மாணவியைக் காட்டச் சொன்னேன். அவள் உருண்டையின் உச்சியில் விரலை வைத்தாள். யார் என்று பார்க்காமல்தான் கூப்பிட்டேன். அவருடைய பேத்தி.

அப்புறம் அவர் பக்கம் திரும்பினேன்.

"மாப்ள, நீங்க பாத்த பென்குயினு பறந்துச்சா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். நினைவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பறந்துச்சு மச்சான்," என்றார்.

பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, என் விழாவில் அவருக்குக் கிடைத்ததைவிடப் பெரியது. "கப்பல் தாத்தா டுபாக்கூர்!" என்று ஒருவன் கத்தினான். பேத்தி உருண்டையிலிருந்து விரலை எடுக்காமலே அழுதாள். அன்று சிதம்பரம் திரும்பும் பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே இருந்தவர் என்ன விசேஷம் என்று கேட்கும் அளவுக்குச் சிரித்த முகமாக வந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அதுதான் நடந்தது.

அன்று நான் பேசாமல் விட்டது ஒன்று உண்டு. பென்குயின் என்ற பெயரை மாலுமிகள் முதலில் வைத்ததே வடகடலில் இருந்த ஒரு பறவைக்குத்தான். கறுப்பு வெள்ளை, நிமிர்ந்த நடை, பறக்காத பெரிய பறவை. அதை வேட்டையாடியே அழித்துவிட்டார்கள். பிறகு தெற்கே போன கப்பல்காரர்கள் அங்கே பார்த்ததையும் அதே என்று எண்ணி அதே பெயரால் கூப்பிட்டார்கள். இன்று உலகமே சொல்லும் பெயர் மாலுமிகள் ஒன்றை இன்னொன்றாக நினைத்ததால் வந்தது. என் மாப்பிள்ளை செய்தது அவர் தொழிலில் பரம்பரையாக வந்த தவறு. இதை ஒரே நிமிடத்தில் சொல்லி முடித்திருந்தால் அந்தப் பிள்ளைகள் அவருக்கே இன்னொரு முறை கைதட்டியிருக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

தங்கைக்கு வாரம் மூன்று நாள் சிதம்பரத்தில் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கப்பல் கதை சொல்வார். அடுத்த கட்டில்காரர்களும் கேட்பார்கள். முட்டையைக் காலில் வைத்து நிற்கும் ஆண் பென்குயின் கட்டம் வந்தால் (அதை என் பேச்சிலிருந்து எடுத்துக்கொண்டார்) தங்கை குறுக்கே புகுந்துவிடுவாள்: "எங்க வூட்ல ஆம்பளப் பென்குயினு நாந்தான். புள்ளைய வச்சிக்கிட்டு நின்னது நானு, கடலுக்குப் போனது இவுரு!" கட்டிலுக்குக் கட்டில் சிரிப்பு போகும்.

கண்காட்சிக்குப் பிறகு நான் பார்க்கப் போனபோது அவர் ஸ்டூலில் இருந்தார். வாய் திறக்கவில்லை. இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "ஏன் சார், பென்குயின் இல்லையா இன்னைக்கு?" என்று நர்ஸ் கேட்டதற்கு, "அதெல்லாம் வாத்தியாரு சொல்லுவாரு" என்று எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

தங்கை என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

"பொட்டியிலேர்ந்து கார்ட நீதான எடுத்த?"

"ஆமா."

"பறந்துச்சுன்னு எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டாருண்ணே. டிவி வாங்குன புதுசுல, அதுல பென்குயின காட்டுனப்ப. நான் பாத்தது வேறடி, இது நீந்துது, அது பறந்துச்சுன்னாரு. நாந்தான் பரவால்ல சொல்லுங்க, கேக்க நல்லாருக்குன்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்கிட்ட சொன்னா நீ சும்மா வுடுவியா?"

அந்தப் பெயர் வந்த கதையை அவளிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"இத ஏன் அன்னைக்குச் சொல்லல?"

இயந்திரத்தில் மாறும் எண்களைப் பார்த்தேன்.

"இன்னைக்காவது அவருகிட்ட சொல்லு. அவரு பேசாம ஒக்காந்திருந்தா இந்த நாலு மணி நேரம் ரொம்ப ஜாஸ்தியா தெரியுதுண்ணே. கார்டையும் குடுத்துடு."

"அடுத்த தடவ கொண்டாறேன்," என்றேன்.

கொண்டுபோகவில்லை. பத்து மாதம் இருந்தாள். எத்தனையோ அடுத்த தடவை வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் அந்த ஸ்டூலில் ஊமையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று எனக்குள் ஒன்று சொல்லிற்று. என் தங்கைக்கும் சேர்த்துத்தான் அந்தத் தண்டனை என்பதை அவள் போனபிறகுதான் ஒப்புக்கொண்டேன்.

அந்த அட்டையை நான் பள்ளியில் முழுவதும் வாசிக்கவில்லை. முழுவதும் இதுதான்: "இந்த ஊர்ப் பாறை முழுக்கப் பென்குயின். ஆள் மாதிரியே நிக்குது. உன் அண்ணனுக்குச் சொல்லு, சந்தோஷப்படுவார்." அந்தக் காலத்தில் தங்கை என்னிடம் சொல்லியிருப்பாள். நான் சந்தோஷப்பட்டேனா என்று நினைவில்லை.

அவள் போய் ஒரு வருடம் திரும்பிய பிறகு, ஸ்ரீமுஷ்ணத்தில் அவளுடைய கடைசிப் பேரனுக்குக் காதுகுத்து. அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். காது குத்தி முடிந்து பந்திக்குக் காத்திருந்தபோது, விவரம் அறியாத ஒரு பொடியன் அவரிடம் போய், "தாத்தா, பென்குயின் மாதிரி நடந்து காட்டுங்க" என்றான்.

"வாத்தியாரு தாத்தாவ கேளு. அவரு படிச்சவரு."

பொடியன் என்னிடம் வந்தான். மற்ற பிள்ளைகளும் வந்தார்கள். நான் எழுந்தேன். முழங்கால் வலியில் எனக்கு இப்போது அந்த நடை தானாகவே வருகிறது. கையை விறைத்துக்கொண்டு மண்டபத்தின் பாதி வரை நடந்தேன். யாரும் சிரிக்கவில்லை, தாத்தாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்த்தார்கள்.

நாற்காலியில் இருந்தபடியே அவர் கேட்டார். "மச்சான், அது பறக்குமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விலங்கியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவன், எத்தனையோ வருடம் மதிப்பெண் போட்டவன், அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"பறக்கும் மாப்ள."

"தப்பு," என்றார் அவர் பிள்ளைகளிடம். "பென்குயினு பறக்காது."

இப்போது சிரித்தார்கள். "வாத்தியாருக்கே தெரியல!" என்று பொடியன் குதித்தான். என்னோடு சேர்ந்து அவரும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

கை கழுவும் இடத்தில் அவர் பக்கத்தில் நின்று பெயரின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். "அவ சொல்லிட்டா," என்று குழாயை மூடினார். நான் அட்டையை நீட்டினேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கி, திருப்பி, தன் கையெழுத்தைப் படித்தார். மெதுவாகத்தான் படித்தார். பிறகு அதை என் சட்டைப் பையிலேயே வைத்தார்.

"நீங்களே வச்சிக்குங்க மச்சான். கடைசி வரி ஒங்களுக்கு எழுதுனதுதான்."

பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் போய் உட்கார்ந்தார்.