நாலும் நாலும் நாற்பத்து நாலு

மிஷினிலிருந்து ஓட்டையே இல்லாத அட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

பட்டுச்சேலை டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து, தறியில் மாட்டும் ஓட்டை போட்ட அட்டையாக அடித்துக் கொடுக்கும் சின்ன சென்டர் எங்களுடையது. காஞ்சிபுரத்தில் அது என் முதல் வேலை. புரோகிராம் எழுதும் மொழியான பைதானில் 3-ஆம் பதிப்பு வந்த புதிது. டிசைன் ஃபைலைப் படிக்கும் புரோகிராமை முதலாளி வரதன் சார் எழுதியிருந்தார். அதிலிருந்து வருவதை வாங்கி மிஷினுக்கு அனுப்பும் சின்னப் பகுதி, அதாவது ஃபங்ஷன், என்னுடையது.

நெசவாளர் ஏழுமலை அட்டைக்காகக் காத்திருந்தார். தறியில் இருந்தது அவர் மகளின் கல்யாணச் சேலை. முந்தானை மட்டும் பாக்கி. முகூர்த்தமோ நெருங்கிவிட்டது.

"இன்னாம்மா, ரெண்டு அன்னத்துக்கும் சண்டையா? இவ்ளோ தள்ளி நிக்க வெச்சிருக்கே!" என்றார். சிரித்தாலும் கண் கடிகாரத்திலேயே இருந்தது.

முந்தானை டிசைனில் ஓர் அன்னத்துக்கு அப்புறம் நாலு வெற்று அட்டை, அடுத்த அன்னத்துக்கு முன்னால் நாலு. என் ஃபங்ஷன் இரண்டையும் கூட்ட, மொத்தம் எட்டு வரவேண்டும். வந்தது நாற்பத்து நாலு.

எண்ணுக்குப் பதில் வேறேதும் வருகிறதோ என்று சந்தேகம். ஃபங்ஷனில் count என்று இருந்ததை count: int, அதாவது 'முழு எண்', என்று மாற்றினேன். எண் வராவிட்டால் பைதான் எரர் காட்டி நின்றுவிடும் என்று நம்பிக்கை. ஓட்டினேன். எரரே இல்லை. மறுபடி நாற்பத்து நாலு! அப்படியானால் கோளாறு மிஷினில்தான் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்து மூடியைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"இத்த வேற பிரிச்சிக்கினு இருக்கியே, சேர்த்துடுவியாம்மா?" என்றார் ஏழுமலை, கவலையோடு.

அதற்குள் சாப்பிடப் போயிருந்த வரதன் சார் வந்தார். என் ஸ்க்ரீனைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, நோக்கு int-ஆ வேணும்? நான் ஸ்ட்ரிங்கான்னா அனுப்பிண்டிருக்கேன்!"

ஃபைலிலிருந்து படித்த 4 அவர் புரோகிராமில் வெறும் எழுத்து, அதாவது ஸ்ட்ரிங். எழுத்தும் எழுத்தும் கூட்டினால் பைதான் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி 44 ஆக்கிவிடும். அவர் தன் பக்கத்தில் அதை எண்ணாக மாற்றினார். எட்டு வந்தது.

சேலை முகூர்த்தத்துக்கு முன்பே முடிந்தது. கல்யாணத்தில் ஏழுமலை எங்களை மணமேடைக்கே இழுத்துப்போய், "பாரும்மா, ரெண்டு அன்னமும் ராசியாயிடுச்சி" என்று முந்தானையை விரித்துக் காட்டினார்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் ஃபங்ஷனுக்கு என்ன வேண்டுமோ, அதை எண்ணா எழுத்தா என்ற டைப்போடு எழுதி வையுங்கள். பைதான் அதைக் கண்டுகொள்ளாது; பக்கத்து சீட்டுக்காரர் கண்டுகொள்வார்.