திட்டுவதற்கு ஓர் ஆள்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து போன வாரம் ஆபீஸ் திறந்தது. சர்வரைப் போட்டோம். எல், ஐ, எல், ஓ என்று நான்கு எழுத்து வர வேண்டிய திரையில் இரண்டே எழுத்து வந்தது. எல், ஐ. அவ்வளவுதான். பேச வாயைத் திறந்தவன் விக்கல் வந்து பாதி வார்த்தையில் முழிப்பதுபோல அப்படியே நின்றுவிட்டது.

அணைத்தோம். மறுபடி போட்டோம். மறுபடியும் எல், ஐ.

எங்கள் கம்பெனி தி. நகரில், பனகல் பார்க் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. பம்ப்செட் உதிரி பாகங்களை ஊர் ஊராக அனுப்புகிறோம். ஸ்டாக், ஆர்டர், ஈமெயில், பிரிண்டர் எல்லாமே அந்த ஒரு சர்வர் வழியாகத்தான் நடக்கும். அது கண் விழிக்காவிட்டால் மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் வெறும் அலங்காரம். அன்று காலை மொத்த ஆபீசும், நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்த மானிட்டர்களுக்கு முன்னால் உட்கார்ந்து மிச்சமிருந்த பூஜைப் பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தது.

சர்வர் ஏன் எழவில்லை? அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — பெருமை அடித்துக்கொள்ள நான் கூச்சப்படுபவன் அல்ல. இன்றைக்கு அதற்கு வழியில்லை.

ஒரே கம்ப்யூட்டர் ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவன் நான். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் ஒட்ட ஆரம்பித்தேன். மனைவிதான் கையெடுத்துக் கும்பிட்டு மறுபடி வேலைக்கு அனுப்பிவைத்தாள். இப்போது இந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆலோசகர். எனக்குக் கீழே வசந்தி. கீழே என்பது பதவியில் மட்டும்.

வசந்தி கோடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆறு மாதம் ப்ரொபேஷன். ஆதம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். 'இரண்டாயிரமாம் வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் குழம்பும், வா, அமெரிக்கா அனுப்புகிறோம்' என்று ஒரு கம்பெனி கூப்பிட்டதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவள். ஏன்? இங்கே லினக்ஸ் போட விடுவார்கள் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

லினக்ஸ் என்பது காசு கொடுக்காமல் கிடைக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம். உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் ஆட்கள் கூட்டாக எழுதுகிறார்கள். உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். வசந்தி வந்த வேகத்தில் சர்வரை லினக்ஸுக்கு மாற்றினாள். பிறகு டெஸ்பாட்ச் செக்‌ஷனின் மேஜைக் கம்ப்யூட்டர்களையும் மாற்றினாள். இரண்டு நாள் எல்லாரும் முணுமுணுத்தார்கள். மூன்றாம் நாள் சீட்டாட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். புரட்சி அமைதியாக முடிந்தது.

எம்.டி.க்கு மட்டும் மனசு ஆறவில்லை. முதலாளியின் மகன், நாற்பது வயது, நல்ல மனிதர்தான். ஆனால் சும்மா கிடைக்கிற எதன்மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "ஆறு மாசம் பாக்கலாம் சார். இந்த ஓசி சாமான் ஓடிச்சுன்னா அந்தப் பொண்ணு பெர்மனென்ட். இல்லேன்னா ரெண்டையும் அனுப்பிடலாம்" என்றார்.

ஓடியது. நிற்காமல் ஓடியது. என் புத்தி கெட்டது அங்கேதான்.

லினக்ஸில் ஒரு கட்டளை உண்டு. அடித்தால், இந்த மெஷின் எத்தனை நாளாக இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டும். தினமும் காபிக்கு முன்னால் அதை அடித்துப் பார்ப்பேன். மாலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் என் வயதுக்காரர்கள் உட்கார்ந்து, மகன் கலிபோர்னியாவில் வீடு வாங்கியதையும் பேத்தி பியானோ வாசிப்பதையும் சொல்வார்கள். எனக்குச் சொல்ல அப்படி ஒன்றும் இல்லை. "எங்க சர்வர் அஞ்சு மாசமா ஒரு செகண்ட் நிக்கலை" என்பேன். ஒருவருக்கும் புரியாது. இருந்தாலும் சொல்வேன்.

ஆடி மாதத்தில் வசந்தி சர்வருக்குப் புதிய கெர்னல் போட்டாள். கெர்னல் என்பது லினக்ஸின் உயிர் இருக்கும் ஃபைல். மெஷின் எழும்போது முதலில் தேடுவது அதைத்தான். ஏதாவது கோளாறு வந்தால் உதவும் என்று பழையதையும் பக்கத்திலேயே விட்டுவைத்திருந்தாள்.

"சார், லஞ்ச் டைம்ல ஒரே ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்துரலாமா?"

"எதுக்கும்மா? ஓடிண்டுதானே இருக்கு?"

"ஓடுது சார். நின்னா எழுந்துக்குமான்னு பாக்கணும்ல?"

"நின்னாத்தானே?" என்றேன். ஏதோ பெரிய தத்துவம் சொன்னவன்போலச் சிரிக்கவும் செய்தேன். நிறுத்தினால் என் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடுமே! இதை அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

அவள் மூன்று நான்கு முறை கேட்டாள். நானும் அத்தனை முறை சிரித்தேன்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு மத்தியானம் வேலை இல்லாமல் சர்வருக்குள் நுழைந்தேன். சர்வரில் எதை வேண்டுமானாலும் மாற்றும் அதிகாரம் உள்ள பாஸ்வேர்டு எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். உள்ளே பார்த்தால் இரண்டு கெர்னல். எதற்கு இரண்டு? சமையலறை டப்பாக்களில் கை வைத்தவன் அல்லவா... பழையதை அழித்தேன். அழித்தால் கூடவே ஒரு சின்ன கட்டளை கொடுத்து, 'எழும்போது தேட வேண்டியது இப்போது இங்கே இருக்கிறது' என்று மெஷினுக்கு மறுபடி சொல்லிவைக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே நினைவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்கு அந்த ஃபைல் தேவைப்படாது. அதனால் ஒன்றும் ஆகவில்லை. கணக்கில் ஒரு நாள் கூடியது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

பூஜை அன்று எல்லா மெஷினையும் அணைத்துப் பொட்டு வைத்து ஓய்வு கொடுப்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். சர்வருக்கு மட்டும் விலக்கு என்று அறிவித்துவிட்டு, சுண்டலோடு மந்தைவெளி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆபீஸ் உதவியாளர் பெருமாள், வருஷா வருஷம் செய்வதுபோலக் கடைசியாக மெயினை அணைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

இப்போது எல், ஐ.

வசந்தி ஒரு ஃப்ளாப்பியைப் போட்டு மெஷினை வேறு வழியாக எழுப்பி, உள்ளே தேடினாள்.

"சார், பழைய கெர்னல் எங்க?"

"அங்கேதானேம்மா இருக்கணும்?" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டு பேர். அவள் அழிக்கவில்லை. கணக்கு அவ்வளவு கஷ்டமா என்ன? மத்தியானத்துக்குள் சர்வரை ஓடவைத்துவிட்டாள். அதற்குள் எம்.டி. அறையிலிருந்து எல்லாருக்கும் அழைப்பு வந்துவிட்டது.

அக்கவுண்ட்ஸ் ஆட்கள், டெஸ்பாட்ச் ஆட்கள், வசந்தி, நான். நடுவில் பெருமாள்.

"யாரைக் கேட்டு நீ சர்வரை ஆஃப் பண்ணே?" என்றார் எம்.டி.

"இன்னா சார் இது, வருசா வருசம் நான்தான ஆஃப் பண்றேன்? சாமி முன்னாடி மிசின் ஓடிக்கினு இருந்தா அது இன்னா பூஜை? அந்த யூபிஎஸ் வேற பீப் பீப்னு கத்திக்கினே கீது. அதையும் அமுக்கிட்டேன்."

எம்.டி.க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "அவன் சொல்றதும் சரிதானே? ஆஃப் பண்ணா திரும்ப ஆன் ஆகலைன்னா அது என்ன மெஷின்? எங்க வீட்டு மிக்ஸி ஆகுது! காசு குடுத்து வாங்கியிருந்தா இந்நேரம் நாலு பேருக்கு போன் போட்டுக் கிழிச்சிருப்பேன். இதுக்கு யாரைத் திட்டறது? சொல்லுங்க, யாரைத் திட்டறது?"

நியாயமான கேள்வி. கம்பெனிகள் சாஃப்ட்வேருக்குக் கொட்டிக் கொடுக்கும் பணத்தில் பாதி, கோபம் வரும்போது போனை எடுத்துக் கத்துகிற உரிமைக்குத்தான் என்பது என் நீண்ட நாள் எண்ணம். லினக்ஸில் எல்லாம் இருக்கிறது. அந்த வசதி மட்டும் இல்லை.

அறை முழுக்க என்னையே பார்த்தது. ஆலோசகன் அல்லவா? வாயைத் திறந்தேன்.

"கெர்னலை மாத்தினது வசந்தி சார்."

பொய்யில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. இத்தனை உண்மையை வைத்து இவ்வளவு பெரிய அயோக்கியத்தனத்தை நான் அதற்குமுன் செய்ததில்லை.

"அப்ப இந்த மாசக் கடைசில வசந்தி விஷயத்தை யோசிக்கணும்" என்று எம்.டி. எழுந்தார். வசந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவர் காலண்டரைப் பார்த்தேன்.

மறுநாள் காலை, காபி ஆறிக்கொண்டிருந்தது. "நேத்திக்கு ஆத்துக்கு வந்ததுலேர்ந்து வாயே திறக்கலையே, என்ன ஆச்சு?" என்றாள் மனைவி. சொன்னேன்.

"அந்தப் பொண்ணை மாட்டிவிட்டுட்டு வந்து காபி குடிச்சிண்டிருக்கேளா?"

"இன்னும் குடிக்கலை."

"குடிச்சுட்டுப் போய்ச் சொல்லுங்கோ. டப்பாவை மாத்தி வெச்சுட்டு என் மேல பழி போட்டாப்ல, அங்கேயும் போடலாம்னு நினைச்சேளா?"

வசந்தியைச் சர்வர் அறையில் பிடித்தேன். "எம்.டி. கிட்ட தனியாப் பேசி எல்லாத்தையும் சரி பண்ணிடறேம்மா" என்றேன்.

"தனியாவா?" அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "என்னைப் பத்தி எல்லார் முன்னாடியும்தான சார் சொன்னீங்க?"

நான் மேஜையிலிருந்த ஃப்ளாப்பி டப்பாவை நேராக்கி வைத்தேன்.

"அந்த அமெரிக்கா வேலை வேணாம்னு சொன்னப்ப எங்கண்ணன், 'ஓசி சாமானை நம்பிப் போறியே'ன்னு திட்டினான். சாமான் நல்லாத்தான் இருக்கு சார்."

மறுபடி கீபோர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஸ்டாஃப் மீட்டிங்கில் எழுந்தேன். முன்னுரை, விளக்கம், வருத்தம் என்று ஒரு நல்ல பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். எழுந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"சர்வர் எழுந்துக்கறதுக்கு வேண்டிய ஃபைலை அழிச்சது நான்தான்" என்றேன்.

"ஏன் சார்?" என்றார் எம்.டி.

"ரெண்டு இருந்துது. ஒண்ணு போதுமேன்னு..."

யாரோ சிரித்தார்கள்.

"ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்குமே?"

"வசந்தி கேட்டா. நான்தான் விடலை. எத்தனை நாள் ஓடறதுன்னு பார்க்ல பெருமையாச் சொல்லிண்டிருந்தேன்."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து பெருமாள், "அப்புறம் இன்னாத்துக்கு சார் என்னியப் புடிச்சு நிக்கவெச்சீங்க?" என்றான். எம்.டி. சிரிக்கவில்லை. மனதார, நிதானமாக, மூச்சு விடாமல் என்னைத் திட்டினார். பல மாதங்களாக யாரிடமும் கொட்ட முடியாமல் சேர்த்து வைத்திருந்தது போலும். முடித்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. "வசந்தி, நீ பெர்மனென்ட். சர்வர் இனிமே உன் பொறுப்பு. சார் தொடணும்னா உன்னைக் கேட்டுட்டுத் தொடுவார்" என்று சொல்லிவிட்டு டீ கொண்டுவரச் சொன்னார்.

வசந்தி நேராகச் சர்வர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் உட்கார்ந்து, பாஸ்வேர்டை மாற்றும் கட்டளையை அடித்தாள். புதிய பாஸ்வேர்டைக் கேட்டுத் திரை காத்திருந்தது.

அவள் கை கீபோர்டின் மேல் நின்றது. "சார், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?"

திரும்பிக்கொண்டேன். இந்த வேலையில் சேர்ந்த பிறகு அந்த சர்வருக்கு நான் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான்.