அத்தைக்கு நான் சொன்ன பதில்

முதலில் வாய்தான். எதையும் தின்னாமலே மெல்லத் தொடங்கியது.

மலேசியாவில் செமோர் பக்கம், எங்கள் பழைய ரப்பர்த் தோட்டத்துக் கோயில் திருவிழா. உறுமி அடிக்க அடிக்க என் தாடை அசைந்தது. நாக்கு வெளியே தள்ளியது. எனக்கு ஈப்போவில் ஓர் ஆய்வகத்தில் வேலை. குளூட்டமேட் ஏற்பிகளை (மூளை நரம்புகள் செய்தி வாங்கும் வாசல்கள்) அடைக்கும் ஒரு சேர்மத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறோம். அந்த எலிகள் தலையை ஆட்டும், வட்டமடிக்கும். அந்தச் சேர்மம்தான் எனக்குள்ளும் போய்விட்டது என்று அந்த நொடியே முடிவுகட்டினேன். கையுறை கிழிந்த நாள்கூட ஞாபகம் வந்தது.

'ஆஸ்பத்திரி' என்று சொல்ல வாயெடுத்தேன். குழறல்தான் வந்தது.

"சாமி வந்துருச்சு, சூடத்தக் காட்டுங்க!" என்று கூட்டம் கத்தியது.

அத்தை என் காலில் விழுந்தார். "சாமி, எம் மவனுக்கு சிங்கப்பூர்ல வேல கெடைக்குமா, கெடைக்காதா? இப்பவே சொல்லிரு."

அதற்குமேல் எனக்கு நினைவில்லை. அண்ணன் சொன்னதுதான். வலிப்பு வந்து நான் சரிந்ததும், "ஆடுனா சாமி, விழுந்தா எந் தங்கச்சி லா. வழிய விடுங்க!" என்று தூக்கிக் காரில் போட்டிருக்கிறான்.

மருத்துவமனையில் அரைகுறை நினைவிலும் அந்தச் சேர்மத்தின் பெயரையே எழுதி எழுதிக் காட்டினேனாம். நஞ்சைத் தேடியே நாட்கள் போயின. கடைசியில் முதுகுத்தண்டு நீரைச் சோதித்த பிறகுதான் தெரிந்தது.

"அந்த மருந்து உங்க உடம்புல இல்லம்மா," என்றார் டாக்டர். "ஆனா அடைபட்டிருக்கிற மூளை வாசல் அதேதான். அத அடைக்கிறது உங்க சொந்த எதிர்ப்புச் சக்தி."

ஸ்டீராய்டு, பிறகு பிளாஸ்மா மாற்றம் (இரத்த நீரைப் பிரித்துக் கெட்ட எதிர்ப்பொருளை அகற்றுவது). பேச்சு திரும்பியது, அந்த மூன்று வாரங்களின் நினைவு மட்டும் திரும்பவில்லை. இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் யாருக்காவது இப்படி நேர்ந்தால், கண்ணால் பார்த்ததை மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். காரணத்தை முடிவுகட்டிக்கொண்டு போகாதீர்கள். நான் போனேன்.

போன வாரம் அத்தை பீசாங் கோரேங் (வாழைப்பழ பஜ்ஜி) வாங்கிக்கொண்டு வந்தார். மகனுக்கு வேலை கிடைத்துவிட்டதாம்.

"அன்னிக்கு சாமியாடுறப்ப நீதானேம்மா சொன்ன? 'கெடைக்கும், ஆனா அனுப்பாத'ன்னு. திங்கக்கெழம கெளம்புறான். அனுப்பவா?"

"அது நானில்ல அத்தை, நோய்," என்றேன். "தாராளமா அனுப்புங்க."

அத்தை என் கண்ணைப் பார்க்கவில்லை. வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போனபின் ஒரு வாழைப்பழத் துண்டைத் தின்றேன். விழுங்கியதும் தாடையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டேன், மெல்லுவது நின்றுவிட்டதா என்று பார்க்க. இப்போதெல்லாம் ஒவ்வொரு வாய்க்கும் அப்படித்தான்.