லயத்துக்கு ஒரு பிளான்

நாளை பாடசாலையில் 'எங்கள் ஊரின் பழைய கட்டடங்கள்' கண்காட்சி.

பன்வில தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருக்கும் லயத்தை, தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளை, படமெடுத்தேன். கணினியில் அதை வெள்ளைக் கோடுகளாக்கி, நீலப் பின்னணியும் மடிப்புத் தடங்களும் சேர்த்ததும், அந்தக் காலத்து வரைபடமாகிவிட்டது. ஒவ்வொரு கதவின் மேலும், அறைக்கு நாங்கள் சொல்லும் 'காம்பரா' என்ற பெயரை எழுதினேன்.

இன்று கண்டியில் அச்சிடக் கொடுத்தேன்.

"தொர பங்களாவா தங்கச்சி?" என்றார் கடை அண்ணன், தோட்டத்துரையின் வீட்டை நினைத்து.

"இல்லண்ணே, எங்க லயம்."

சிரித்தார். "லயத்துக்கு யாரு பிளான் கீறினா? பங்களான்னு போடவா? பரிசு கெடைக்கும்."

"வேணாம். அந்தக் 'காம்பரா'வ இன்னும் பெருசாக்குங்க."

பெரிதாக்கித் தந்தார்.

நான் பழையதாக்கியது வரைபடத்தை மட்டுந்தான். லயத்துக்கு அந்த உதவி தேவைப்படவில்லை.

இதை வாசிக்கும் நீங்களும் உங்கள் லயத்தின் படத்தை அனுப்புங்கள். பிளான் கீற நான் இருக்கிறேன்.